காத்துல வந்த சரக்கு

அந்தப் பள்ளத்தாக்கில் யார் வீட்டு டிவியில் படம் ஆடினாலும், பாதியில் நின்றாலும், வாய் முந்தி அசைந்து பேச்சு பிந்தி வந்தாலும் ஒரே ஒரு பொம்பளையைத்தான் கூப்பிட்டுத் திட்டுவார்கள். அவளுக்குக் கம்ப்ளைண்ட் அக்கா என்று பேர். பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் இருந்தது; அதைத் தபால்காரர் மட்டும் ஞாபகத்தில் வைத்திருந்தார். பல்லுப் போன பெரியவருக்கும் அவள் அக்காதான்.

"அக்கா, எங்க வீட்டுல செய்தி வாசிக்கிறவருக்கு ரெண்டு மூக்கு தெரியுது" என்பார்கள்.

அடுப்பில் வேகிற பருப்பை ஒரு கையால் கிளறிக்கொண்டே, "பெட்டிக்குப் பின்னால இருக்கற ஒயரைப் பிடுங்கி, ஒரு ஊது ஊதி, திரும்பச் சொருகுங்க. ம்... இப்ப எத்தனை மூக்கு?" என்பாள்.

"ஒண்ணுதான் தெரியுது."

"அவருக்கு இருக்கறது அவ்வளவுதான். வைங்க போனை."

அவள் வீட்டுக்காரரை ஆன்டெனாக்காரர் என்பார்கள். அந்தப் பேருக்கு ஒரு மலை காரணம். பள்ளத்தாக்குக்கு வெயில் வருகிற பக்கம் அந்த மலை எழுந்து நிற்கும். மலைக்கு அந்தப் புறம் பெரிய ஊர். அங்கேதான் ஒளிபரப்பு நிலையம். யாரிடமும் காசு வாங்காமல் காற்றிலே படத்தை அனுப்புகிற நிலையம். கூரையில் ஒரு கம்பியை நட்டால் போதும், நாட்டு நடப்பெல்லாம் கூடத்துக்கு வந்துவிடும். மலைக்கு இந்தப் புறம் உள்ளவர்கள் மட்டும் பாவம் செய்தவர்கள். அவர்கள் பெட்டியில் பொரிகிற சத்தமும் வெள்ளைப் புள்ளியும்தான்.

கல்யாணமான புதிதில் ஆன்டெனாக்காரர் மலை உச்சியில் ஒரு கல் கொட்டகை கட்டி, அதன் தலையில் ஆன்டெனாவை நட்டு, அங்கிருந்து கம்பம் கம்பமாகக் கேபிளை இறக்கினார். பெண்டாட்டிக்கு நகை வாங்குவார் என்று மாமியார் எதிர்பார்த்தார். மாப்பிள்ளை கேபிள் சுருள் வாங்கினார். முதல் நாள் படம் வந்தபோது கீழ்த்தெருவில் ஒருத்தர் எழுந்து நின்று திரையைக் கையெடுத்துக் கும்பிட்டாராம். அதிலிருந்து அந்தக் குடும்பத்துக்குப் பிழைப்பு அதுதான். மாதச் சந்தா வரும், மழை வரும், மழை போனதும் கம்ப்ளைண்ட் வரும். கம்பத்துச் சந்திப்புகளில் தண்ணீர் இறங்கும். அவர் ஏணியைத் தோளில் மாட்டிக்கொண்டு போய், அறுத்து, துடைத்து, புது மூட்டுப் போட்டு, டேப்பைச் சுற்றிவிட்டு வருவார். அணில் கடித்த இடம் எது, ஆள் வெட்டின இடம் எது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லுவார். "அணில் பரவாயில்லை. அது பசிக்குக் கடிக்குது" என்பார்.

போன மழைக்காலம் வேறு மாதிரி வந்தது. ஒரு வாரம் வானம் கிழிந்து கொட்டியதில் மலைச்சரிவு பாதையோடு பேர்ந்து இறங்கியது. கம்பங்களில் பாதி மண்ணுக்குள்ளே போயின. மீதி பாதி, குடித்தவன் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. உச்சியில் கொட்டகையும் ஆன்டெனாவும் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல நின்றன. சரிந்த இடத்தில் இனி கம்பம் நடக்கூடாது என்று பாதை போடுகிறவர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

ஆன்டெனாக்காரர் வாசலில் உட்கார்ந்து மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கஞ்சியைக் கொண்டுவந்து வைத்தால் ஆறிப்போகும். திரும்ப எடுத்துப்போய்ச் சுடவைத்துக் கொண்டுவந்தால் அதுவும் ஆறிப்போகும்.

"தலையில கை வச்சு உக்காந்தா கம்பம் எழுந்து நிக்குமா?" என்றாள்.

"என் கையில வேற என்ன இருக்கு?"

"கரண்டி இருக்கு. சாப்பிடுங்க."

அந்தச் சமயத்தில்தான் சின்னவன் வந்து சேர்ந்தான். சின்னவன் என்றால் ஆன்டெனாக்காரரின் தம்பி. முப்பது தாண்டியவன், பெரிய ஊரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்து, கம்பெனி மூடியதால் வேலை இல்லாமல் இருந்தான். அவன் மலை ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி வந்து, ஷூவில் ஒட்டின சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டே பேசினான்.

"அண்ணே, ஆன்டெனா நல்லா இருக்கு. உச்சியில போன் கம்பெனி சிக்னலும் சுத்தமா எடுக்குது. படத்தைக் கம்பியில இறக்கினாத்தானே கம்பம் வேணும்? இன்டர்நெட்ல விட்டுட்டா?"

"அப்படி விட்டா எங்க போகும்?"

"எங்க வேணாலும் போகும். ஒவ்வொருத்தர் கையிலயும் போன் இருக்குல்ல? டிவியிலயும் ஒரு சின்னப் பெட்டி மாட்டிக்கலாம்."

ஆன்டெனாக்காரருக்கு நம்பிக்கை இல்லை. பிடித்துக்கொள்ள ஒரு ஒயர் இல்லாத வேலையை அவர் வேலை என்றே எண்ணுவதில்லை. சின்னவன் கொட்டகையில் ஒரு பெட்டியை வைத்து, ஏதேதோ தட்டி, அக்காவின் போனை வாங்கி அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தான். செய்தி வாசிக்கிறவர் உள்ளங்கை அகலத்தில் உட்கார்ந்து வானிலை சொல்லிக்கொண்டிருந்தார். ஒரே மூக்குத்தான்.

"என்னங்க, இங்க வாங்களேன்" என்று கத்தினாள் அக்கா. அவர் வந்து பார்த்தார். போனைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். "ம்" என்றார். அது அவர் வாயில் வந்தால் பெரிய பாராட்டு.

ஒரு மாதத்துக்குள் பள்ளத்தாக்கு முழுக்கப் படம் திரும்ப வந்துவிட்டது. ஏணி மூலையில் சாய்ந்தது. சந்தா வர ஆரம்பித்தது. கம்ப்ளைண்ட்டும் வந்தது, இப்போது புது மாதிரி. "அக்கா, படம் நடுவுல ஒரு வளையம் வந்து சுத்திக்கிட்டே இருக்கு." "சுத்தட்டும் விடுங்க, களைச்சா நின்னுடும்."

ஆனால் கம்பியில் போன படத்துக்கு எல்லை இருந்தது, இதற்கு இல்லை. பிழைப்புத் தேடி வெளியே போன பிள்ளைகளுக்குப் பெற்றவர்கள் படம் வருகிற லிங்கை அனுப்பினார்கள். அந்தப் பிள்ளைகள் கூட வேலை பார்க்கிறவர்களுக்கு அனுப்பினார்கள். பள்ளத்தாக்கில் பல வருஷம் பஸ் ஓட்டிவிட்டு, மகளோடு கடல் கடந்துபோன டிரைவர் ஒருத்தர் அக்காவுக்குப் போன் பண்ணி, "நம்ம ஊர்ல மழைன்னு இங்க உக்காந்து கேக்கறேன். இங்க வெயில் கொளுத்துது. குடையை எடுத்துட்டு வெளிய போயிட்டேன், மக சிரிக்கிறா" என்று சொல்லி அவரும் சிரித்தார். 

சின்னவனுக்கு வேறு ஒன்று தோன்றியது. சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னான்.

"அண்ணி, இப்ப பாக்கறவங்கள்ல நம்ம ஊர்க்காரங்க கொஞ்சம்தான். மத்தவங்க யார்னே தெரியல. நிலையத்து விளம்பரம் வர்ற நேரத்துல அதை மறைச்சு நம்ம விளம்பரத்தைப் போட்டா எங்கேயோ போயிடலாம்."

"யார் வீட்டுக் கல்யாணத்துல யார் மொய் வாங்கறது?" என்றாள் அக்கா.

"வியாபாரம்னா அப்படித்தான் அண்ணி. சர்வர் செலவு ஏறுது. ஆள் கூடக் கூடச் செலவு. எங்கேயாவது ஈடுகட்டணும்ல?"

"அடுத்தவன் விளம்பரத்தை மறைக்கறது எனக்குச் சரியாப் படல" என்றார் ஆன்டெனாக்காரர். அவ்வளவுதான் சொன்னார். ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சின்னவன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான்.

பெரிய ஊரில் ஒரு கால்பந்து இறுதியாட்டம். அதை ஒளிபரப்பும் உரிமையை நாடு நாடாகப் பிரித்து விற்றிருந்தார்கள் என்பதெல்லாம் அப்போது இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. எங்கெங்கோ இருந்து ஜனம் வந்து, மலை உச்சியில் இருந்த அந்தப் பெட்டி வழியாக ஆட்டத்தைப் பார்த்தது. இடைவேளையில் சின்னவன் போட்ட மெத்தைக்கடை விளம்பரம் ஓடியது. அடுத்த வாரம் நிலையத்தின் வக்கீல் அனுப்பிய நோட்டீஸ் வந்தது. உடனே நிறுத்த வேண்டும், இல்லையென்றால் வழக்கு. கருவிகளும் பறிபோகும், நஷ்டமும் கட்டவேண்டியிருக்கும்.

தபால்காரர் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார். "நல்ல சேதியா அக்கா?"

"உங்க வீட்டுல படம் நல்லாத் தெரியுதா?"

"தெரியுது."

"இன்னைக்கே பாத்துக்குங்க."

ஆன்டெனாக்காரருக்கு வந்த கோபம் நோட்டீஸ் அனுப்பினவர்கள் மேல். "இத்தனை வருஷமா அவங்க படத்தைத் தோள்ல தூக்கிச் சுமந்திருக்கேன். மழையில சுமந்திருக்கேன். இடிவிழுந்தப்ப சுமந்திருக்கேன். இப்ப நான் திருடனா? காத்துல வந்த சரக்கு. பூட்டு இல்ல, வேலி இல்ல. பிடிச்சுக் குடுத்தது குத்தமா?"

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றான் சின்னவன். "பயப்படாதே அண்ணே. பேரை மாத்திட்டு, சர்வரை வெளிநாட்டுல வச்சு ஓட்டலாம். யாராலயும் பிடிக்க முடியாது."

அவர் அப்படியே திரும்பினார். "பிடிக்க முடியாதா? நான் என்ன ஓடி ஒளியறதுக்கா மலை ஏறினேன்? அந்த மெத்தைக்காரன் விளம்பரத்தைப் போட்டியே, அதுல வந்த வினை இது."

"நீ வேண்டாம்னு சொல்லலையே!"

"சரின்னும் சொல்லலையே!"

"நீ எப்பதான் வாயைத் திறந்து ஒண்ணு சொல்லியிருக்கே? எல்லாத்துக்கும் ஒரு 'ம்'. அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம்னு கண்டுபிடிக்கிறதுலயே என் பாதி ஆயுசு போச்சு!"

அக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. அந்த 'ம்'மோடு அவளும்தான் குடித்தனம் நடத்துகிறாள். ஆனால் சிரிக்கிற நேரமில்லை அது. சின்னவன் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டான். ஆன்டெனாக்காரர் தடுக்கவில்லை, பஸ் வளைவில் மறைகிற வரைக்கும் வாசலில் நின்றார் என்பதை மட்டும் அவள் பார்த்தாள்.

மறுநாள் அக்கா அவரைக் கூட்டிக்கொண்டு சந்தையூருக்குப் போனாள். தையல்கடைக்கு மேலே ஒரு அறையில் வக்கீலம்மா இருந்தார். கீழே மிஷின் ஓடுகிற சத்தத்தில் மேஜை லேசாக நடுங்கிக்கொண்டே இருக்கும். வக்கீலம்மா நோட்டீஸைப் படித்துவிட்டு, டீ வரவழைத்தார். டீ வரவழைத்தாலே விஷயம் கொஞ்சம் மோசம்தான் என்று அக்காவுக்குப் புரிந்துவிட்டது.

"காத்துல வந்ததும்மா" என்று ஆரம்பித்தார் ஆன்டெனாக்காரர்.

"பக்கத்து வீட்டுல ஒருத்தர் பாடறார்னு வைங்க" என்றார் வக்கீலம்மா. "உங்க ஜன்னல் வழியா வருது. உக்காந்து கேளுங்க, யார் வேணாங்கறது? அதையே ஒலிபெருக்கி வச்சு ஊருக்கெல்லாம் போட்டா, பாடினவர் வந்து என்னய்யான்னு கேப்பாரா மாட்டாரா?"

"நாலு பேர் கேட்டா அவருக்குச் சந்தோஷம்தானே?"

"அடுத்த ஊர்ல பாடறதுக்கு அவர் ஏற்கெனவே ஒருத்தர்கிட்ட பணம் வாங்கி எழுதிக் குடுத்திருந்தா?"

ஆன்டெனாக்காரர் டீ கிளாஸை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

"எங்ககிட்ட கேபிள் லைசென்ஸ் இருக்கும்மா" என்றாள் அக்கா. "வருஷா வருஷம் புதுப்பிக்கிறோம். கம்பியில போனா சரி, இன்டர்நெட்ல போனா தப்பா? ரெண்டும் அதே படம்தானே?"

"படம் அதேதான். ஆனா உங்க லைசென்ஸ் என்ன சொல்லுது? கம்பி வழியா, இந்தப் பள்ளத்தாக்குக்கு. கம்பிக்கு ஒரு கடைசி வீடு உண்டு. அந்த வீட்டோட முடிஞ்சுது. நீங்க இப்ப விட்டிருக்கறது எந்த வீட்டோட முடியுது, சொல்லுங்க."

அக்கா கடல் கடந்துபோன பஸ் டிரைவரை நினைத்துக்கொண்டாள். 

"கேஸ் நடத்தலாமா?" என்றார் ஆன்டெனாக்காரர்.

"நடத்தலாம். இந்த விஷயத்துல சட்டம் இன்னும் எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி பேசல. இந்தப் பள்ளத்தாக்கு வரைக்கும்னா நமக்கும் பேச ரெண்டு வார்த்தை இருக்கு. ஆனா வெளியில விட்டதுக்கும், அவங்க விளம்பரத்தை மறைச்சதுக்கும் என்கிட்ட வார்த்தை இல்ல. நான் ஃபீஸ் வாங்கறவ, கேஸ் போடுங்கன்னு சொன்னா எனக்கு நல்லது. ஆனா ஜெயிச்சு முடிக்கறதுக்குள்ள உங்ககிட்ட அந்த மலை மட்டும்தான் மிஞ்சும்."

கீழே மிஷின் நின்றது. மேஜையும் நடுக்கத்தை விட்டது.

"அப்ப என்னதான் பண்றது?" என்றாள் அக்கா.

"முதல்ல நிறுத்துங்க. இன்னைக்கே. நிறுத்திட்டுப் போய்ப் பேசுங்க. ஓட விட்டுட்டுப் பேசினா மிரட்டற மாதிரி. நிறுத்திட்டுப் பேசினா கேக்கற மாதிரி. உங்களுக்கு வேணும்ங்கறதை அவங்ககிட்ட யாராவது இதுவரைக்கும் கேட்டிருக்கீங்களா?"

கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. கிளம்பும்போது வக்கீலம்மா இன்னொன்றும் சொன்னார்: "நீங்களே எடுக்கற படம் உங்களுது. சந்தையை எடுங்க, பள்ளிக்கூடத்து ஆட்டத்தை எடுங்க. விளையாடறவங்ககிட்ட, ஸ்கூல்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுத்தீங்கன்னா, அதை உலகம் பூரா விட்டாலும் எவனும் நோட்டீஸ் அனுப்ப முடியாது."

ஆன்டெனாக்காரர் அன்றைக்கே மலை ஏறிப் பெட்டியை அணைத்துவிட்டு வந்தார். அணைக்கிறதுக்கு முன்னால் அக்கா ஒவ்வொருத்தருக்காகப் போன் பண்ணிச் சொன்னாள். தானாக நின்றால் கம்ப்ளைண்ட் என்று நினைத்துக் காத்திருப்பார்கள். அவளுக்கு அது பொறுக்காது. சிலர் கத்தினார்கள். "எவன் கண்டுபிடிப்பான், ஓட்டுங்க அக்கா" என்றார்கள் சிலர். பஸ் டிரைவர் மட்டும் கோபப்படவில்லை.

"மழை சேதியாவது நீ போன்ல சொல்லும்மா" என்றார்.

"சொல்றேண்ணே. குடையை மட்டும் எடுத்துட்டுப் போகாதீங்க."

பிறகு சின்னவனுக்குப் போன் பண்ணினாள். மூன்று தரம் எடுக்கவில்லை. நாலாவது தரம் எடுத்து, "சொல்லுங்க அண்ணி" என்றான், உம்மென்று.

"நிலையத்துக்குப் போய்ப் பேசப் போறோம். உங்கண்ணன் வாயைத் திறக்க மாட்டார், எனக்கு அந்தப் பெட்டி எப்படி வேலை செய்யுதுன்னு தெரியாது. நீ வா."

"என்னாலதானே எல்லாம் போச்சு. நான் வந்து என்ன..."

"உன்னாலதான் கம்பம் இல்லாம படம் வந்துச்சு. அதையும் சேத்துச் சொல்லு. கோவம் இருந்தா வந்து பக்கத்துல உக்காந்து கோவப்படு. அங்க இருந்துகிட்டுக் கோவப்பட்டா பஸ் காசுதான் மிச்சம்."

போகிற அன்றைக்குச் சின்னவன் நிலையத்து வாசலில் வந்து நின்றான். சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தான். அண்ணனும் தம்பியும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்ளாமல், ஒரே நேரத்தில் "சாப்பிட்டியா?" என்று கேட்டுக்கொண்டார்கள். அக்கா நடுவில் நடந்தாள்.

உரிமைப் பிரிவு அதிகாரிக்கு அன்றைக்கு நல்ல ஜலதோஷம். கைக்குட்டையும் கையுமாக இருந்தார். இவர்கள் யார் என்று தெரிந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மெத்தைக்கடை" என்றார்.

சின்னவன் எழுந்து நின்றான். "அது நான் பண்ணினது சார். தப்பு. எங்கண்ணனுக்கு அதுல இஷ்டம் இல்ல. ஒரு வாரம்தான் ஓடுச்சு, அந்த விளம்பரத்துல வந்த பணத்தைக் கொண்டுவந்திருக்கேன்."

அதிகாரி தும்மினார். தும்மி முடித்துவிட்டு, கொஞ்சம் சாந்தமாகவே, "உக்காருங்க" என்றார். "வக்கீல் இல்லாம வந்திருக்கீங்க?"

"கேக்க வந்திருக்கோம்" என்றாள் அக்கா. "சண்டைக்கு வரல."

"என்ன கேக்கறீங்க?"

அவள் அதைப் பஸ்ஸில் வரும்போதெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஆனால் அங்கே உட்கார்ந்ததும் வேறு மாதிரி வந்தது. "சார், எங்க ஊர்ல மழை வருமா வராதான்னு உங்க ஆளுதான் தினம் சொல்றார். எங்க பேரைச் சொல்லிச் சொல்றார். ஆனா அதைக் கேக்க முடியாத ஒரே ஊரும் நாங்கதான். மண்ணு சரிஞ்ச அன்னைக்குக்கூட முன்னாலேயே சொல்லியிருந்தீங்க. அதைக் கேட்டு, ஆத்தங்கரையில இருந்த நாலு வீட்டை நான்தான் போன் போட்டுக் காலி பண்ணச் சொன்னேன். அப்ப கேபிள் இருந்துச்சு. அடுத்த மழைக்கு எது இருக்கும்?"

அதிகாரி எழுந்துபோய்ச் சுவரில் இருந்த வரைபடத்துப் பக்கத்தில் நின்றார். நிலையம் எட்டும் இடமெல்லாம் பச்சை. நடுநடுவே சாம்பல் நிறத் திட்டுகள். அதில் ஒன்றின் மேல் விரலை வைத்தார்.

"இது நீங்க. வருஷா வருஷம் இதுக்கு என் மேல கேள்வி வருது. அங்க ஒரு கோபுரம் வைக்கணும்னு நானும் வருஷா வருஷம் கேக்கறேன். அந்தக் கொஞ்சம் ஜனத்துக்கு அவ்வளவு செலவான்னு அப்படியே வச்சிடறாங்க." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இந்தாங்க தம்பி, உங்க பெட்டி பள்ளத்தாக்கை விட்டு வெளிய போகாம பாத்துக்க முடியுமா?"

"முடியும் சார். பள்ளத்தாக்குக்கு ஒரே ஒரு போன் டவர்தான். அந்த டவர்லேர்ந்து வர்ற போனுக்கும் டிவி பெட்டிக்கும் மட்டும்தான் படம். வேற எந்தப் பக்கம் இருந்து கேட்டாலும் கதவு திறக்காது. நீங்களே வெளியில இருந்து தட்டிப் பாக்கலாம்."

"விளம்பரம்?"

"நீங்க அனுப்பறது அனுப்பறபடி. ஒரு நொடிகூடத் தொட மாட்டோம்."

அதிகாரி உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. மேலே கேட்க வேண்டும் என்றார். வெளியூரில் இருக்கிறவர்களுக்கும் அனுமதி கிடைக்குமா என்று அக்கா கேட்டதற்கு, அது நடக்காது என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொன்னார். "படம், பாட்டு, ஆட்டம் எல்லாம் எங்களுக்கே இந்த எல்லைக்குள்ளதான் சொந்தம். எங்ககிட்ட இல்லாததை உங்களுக்கு எப்படிக் குடுப்பேன்?" அது நியாயம்தான். ஆனாலும் அவளுக்கு வலித்தது.

மேலே கேட்கிறேன் என்றவர் கேட்டுச் சொல்ல ஒரு பருவமே ஆயிற்று. அதற்குள் பள்ளத்தாக்கில் பேச்சு வளர்ந்தது. ஆன்டெனாக்காரர் பயந்துவிட்டார் என்றார்கள். சிலர் வேறு வழியில் ஏதேதோ திருட்டு லிங்க் பார்த்து, போனில் வைரஸ் வந்து, அதற்கும் அக்காவையே கூப்பிட்டார்கள். ஆன்டெனாக்காரர் வீடு வீடாக மின்விளக்கு, மோட்டார் பழுது பார்த்தார். சின்னவன் பெரிய ஊருக்குத் திரும்பிப் போகவில்லை. ஒரு கேமராவை வாடகைக்கு எடுத்து, கேட்க வேண்டியவர்களிடமெல்லாம் கேட்டுவிட்டு, பள்ளிக்கூட மைதானத்தில் நடந்த பந்தாட்டத்தை எடுத்து இன்டர்நெட்டில் விட்டான். எடுக்கத் தெரியாமல், பாதி நேரம் பந்து ஒரு பக்கமும் கேமரா ஒரு பக்கமும் இருந்தது. ஆட்டத்தை விவரிக்க ஆள் கிடைக்காமல் அண்ணியையே உட்கார வைத்தான். அவளுக்கு விதி ஒன்றும் தெரியாது. "தபால்காரர் மகன் பந்தை எடுத்துட்டுப் போறான், போறான், விழுந்துட்டான் பாவம், முட்டி சிராய்ச்சிருக்கும், யாராவது தண்ணி குடுங்க" என்று விவரித்தாள்.

அந்த ஆட்டத்தை, கால்பந்து இறுதியாட்டத்துக்கு வந்தவர்களில் நூற்றில் ஒரு பங்கு ஜனம்கூடப் பார்க்கவில்லை. ஆனால் பார்த்தவர்கள் எல்லாரும் யார் என்று அக்காவுக்குத் தெரிந்திருந்தது. பஸ் டிரைவர் போன் பண்ணினார். "மைதானத்துக்குப் பின்னால அந்த வளைவு தெரிஞ்சுதும்மா. அங்கதான் தினம் கியர் மாத்துவேன். என் கை தானாப் போயிடுச்சு." அதற்கப்புறம் சந்தைநாள், பாதை போடுகிற வேலை, ஆற்றில் தண்ணீர் அளவு என்று வாரத்துக்கு ஒன்று. வெளியூரில் கடை வைத்திருந்த ஒரு பள்ளத்தாக்குக்காரர், தன் கடைப் பேரைப் போடச் சொல்லி அவராகவே முன்வந்தார். "இது யார் மொய்யும் இல்ல அண்ணி, நம்ம மொய்தான்" என்றான் சின்னவன்.

நிலையத்திலிருந்து பதில் வந்தது. வழக்கு இல்லை. பள்ளத்தாக்குக்குள் மட்டும், நிலையத்தின் பேரில், ஒரு வருஷம் பரீட்சையாக ஓட்டிப் பார்க்கலாம். கோபுரம் வைக்கிற செலவில் ஒரு சிறு பங்கைப் பராமரிப்புக்காக நிலையமே தரும். வீடுகளில் சந்தா வாங்கக்கூடாது. ஆன்டெனாக்காரர் கணக்குப் பார்த்தார். முன்பு வந்ததை விடக் குறைவுதான். "ஆனா மாசாமாசம் வாசல்ல போய் நிக்க வேண்டாம்" என்றாள் அக்கா. அவர் "ம்" என்றார். பிறகு தம்பியின் முகத்தைப் பார்த்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரின்னு அர்த்தம்" என்றார். சின்னவன் வாய்விட்டுச் சிரித்தான்.

பரீட்சை வருஷம் பாதி ஓடியிருக்கும். அதிகாரியே கூப்பிட்டார். ஜலதோஷம் போயிருந்தது, குரலே வேறு ஆளுடையது போல இருந்தது. வரைபடத்தில் இவர்கள் திட்டு பச்சையாகிவிட்டதாம். வடக்கே இன்னும் ஒரு சாம்பல் திட்டு இருக்கிறதாம். அங்கே கேபிள்கூடப் போனதில்லை. போய்ப் பார்க்க முடியுமா என்றார்.

மூன்று பேரும் போனார்கள். பஸ் இறக்கிவிட்ட இடத்திலிருந்து மேடும் பள்ளமுமாக நடை. பனி இன்னும் விலகவில்லை. ஆன்டெனாக்காரர் அண்ணாந்து மலையைப் பார்த்தபடியே நடந்தார். எந்தப் பாறையில் நட்டால் நிற்கும் என்று அவர் கண் ஓடியது. சின்னவன் போனை உயர்த்திப் பிடித்துச் சிக்னல் தேடினான். முதல் வீட்டுக் கதவை அக்கா தட்டினாள்.

மாவு படிந்த கையோடு ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். பின்னால் கூடத்தில் ஒரு பழைய டிவி, துணி போர்த்தி, மேலே கூடை வைத்து, மேஜை மாதிரி இருந்தது.

"என்ன விக்க வந்திருக்கீங்க? ஒண்ணும் வேணாம்."

"விக்க வரலம்மா" என்றாள் அக்கா. "உங்களுக்கு வர வேண்டியது ஒண்ணு அந்த மலைக்குப் பின்னாலயே நிக்குது. கூட்டிட்டு வரலாமான்னு அவங்களைக் கேட்டாச்சு. உங்களையும் ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போகலாம்னு வந்தோம்."

அந்தப் பெண் மலையைப் பார்த்தாள். இவர்களைப் பார்த்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, டிவியின் மேல் இருந்த கூடையை எடுத்துக் கீழே வைத்தாள்.

"உள்ள வாங்க" என்றாள்.